மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயும்: பழைய காரொன்றைக் கழற்றும்போது வெளிப்படும் வரலாறு

பழைய காரொன்றைப் புதுப்பிக்க முற்படுபவர் எவரும் முதலில் ஒரு கணக்குப் போடுவர். வர்ணம் பூச இவ்வளவு, ஆசனத்துக்கு உறை தைக்க இவ்வளவு, நான்கு ரயர்களுக்கு இவ்வளவு என்று அந்தக் கணக்கு ஒரு கடதாசித் துண்டுக்குள் அடங்கிவிடும். காரைக் கராஜில் ஏற்றிக் கழற்றத் தொடங்கிய ஒரு கிழமைக்குள் அக்கடதாசி பயனற்றதாகிவிடும். வெளியே தெரிந்த துருவுக்குப் பின்னால் பெரிய துரு இருக்கும். எஞ்சினுக்குள் இருக்கவேண்டிய பொருள் இராது; இருக்கக்கூடாத பொருள் இருக்கும். மெக்கானிக்கைப் பொறுத்தவரை இவை எதிர்பாராத மேலதிக வேலைகள். ஆனால் அவற்றை வேறொரு கண்ணோட்டத்திலும் நோக்கலாம். ஒரு கார் எந்த மண்ணில், எந்தக் காலத்தில், எத்தகைய தட்டுப்பாடுகளின் நடுவே ஓடியது என்பதற்கு அதன் பழுதுகளே சாட்சியங்கள். யாழ்ப்பாணத்தில் ஓடிய கார்களைப் பொறுத்தவரை இது முற்றிலும் உண்மையாகும்.

இலங்கையில் பழைய கார் என்றதும் பெரும்பாலோர் நினைவில் எழுவது மொறிஸ் மைனர். யாழ்ப்பாணத்தில் அதற்கு இணையாக ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஆகியவற்றையும் சொல்லவேண்டும். ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள், வைத்தியர்கள் ஆகியோரின் முற்றங்களில் மைனர் நின்றது. வாடகைக்கு ஓடியவற்றில் பெரும்பாலானவை ஏ40களும் கேம்பிரிட்ஜ்களுமே. கலியாணமோ செத்தவீடோ ஆஸ்பத்திரிப் பயணமோ, இம்மூன்றில் ஒன்று வாசலுக்கு வராமல் நடைபெற்றதில்லை.

மொறிஸ் மைனரைக் கழற்றுபவர் முதலில் எதிர்கொள்ளும் சில புதிர்களுக்கு யாழ்ப்பாணம் பொறுப்பன்று. அவை ஒக்ஸ்போர்ட்டுக்கு அருகேயுள்ள கௌலித் தொழிற்சாலையிலேயே பிறந்தவை. 1948ஆம் ஆண்டு ஒக்டோபரில் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் இக்கார் அறிமுகமானது. இதனை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பிற்காலத்தில் மினி காரையும் வடிவமைத்தவர் இவரே. உற்பத்திக்கான ஏற்பாடுகள் பெருமளவு முடிந்திருந்த வேளையில், கார் அளவுக்கு மீறி ஒடுங்கலாகத் தெரிகிறதே என்று அவருக்குப் பட்டது. மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக வெட்டுவித்து, இரு பாதிகளையும் விலக்கி வைத்துப் பார்த்தார். இடைவெளி 4 அங்குலம் ஆனபோது வடிவம் திருப்தியளித்தது. மைனரின் பொனற்றின் நடுவே தட்டையாக ஓடும் பட்டி, அந்த 4 அங்குலத்தின் அடையாளமே.

ஆனால் பழைய அகலத்துக்கேற்ற பம்பர்கள் ஏற்கெனவே செய்யப்பட்டிருந்தன. அவற்றை எறிந்துவிட நிறுவனத்துக்கு மனமில்லை. எனவே அவற்றை நடுவே வெட்டி, 4 அங்குலத் துண்டொன்றை இடையில் வைத்துப் பொருத்தினர். ஆரம்பகால மைனர் ஒன்றின் பம்பரில் இந்த ஒட்டைக் காணும் இன்றைய உரிமையாளர், எங்கோ விபத்தில் முறிந்ததை யாரோ உள்ளூர் ரிங்கர் ஒட்டியிருக்கிறார் என்று எண்ணி, அதை நீக்கிவிட்டு முழுப் பம்பர் தேடி அலையக்கூடும். உண்மையில் அந்த ஒட்டுத்தான் தொழிற்சாலையின் அசல் வேலை. பழுது எது, மூலம் எது என்று பிரித்தறிவது அவ்வளவு எளிதன்று என்பதற்கு இது முதற் பாடம்.

அதேபோல, இக்காருக்கென முதலில் திட்டமிடப்பட்டது, சிலிண்டர்கள் இருபுறமும் படுக்கையாக அமைந்த அகலமான எஞ்சின். அத்திட்டம் கைவிடப்பட்டு, போருக்கு முந்திய மொறிஸ் எயிற் காரிலிருந்து வந்த 918 கனசென்ரிமீற்றர் எஞ்சினே பொருத்தப்பட்டது. 1952இல் ஒஸ்ரின் நிறுவனமும் மொறிஸ் நிறுவனத்தை உள்ளடக்கிய நஃபீல்ட் குழுமமும் இணைந்து பிரித்தானிய மோட்டார் கூட்டுத்தாபனம் உருவானதன் பின் ஒஸ்ரினின் 803 கனசென்ரிமீற்றர் எஞ்சின் வந்தது. 1956இல் 948, 1962இல் 1098 என்று அது வளர்ந்தது. எது வந்தபோதிலும் எஞ்சின் அறையில் இடம் மிஞ்சியே இருந்தது. இலங்கை மெக்கானிக்குகள் பிற்காலத்தில் யப்பானிய எஞ்சின்களை மைனருக்குள் சிரமமின்றி இறக்கியதற்கு, செய்யப்படாத ஓர் எஞ்சினுக்காக இங்கிலாந்தில் ஒதுக்கப்பட்ட அந்த இடமும் ஒரு காரணம்.

இனி இலங்கைக்கு வருவோம். 1950களின் தொடக்கத்தில் கொரிய யுத்தம் காரணமாக இறப்பர் விலை உயர்ந்திருந்தது. நாட்டின் கையில் அந்நியச் செலாவணி இருந்தது. கார்கள் தாராளமாக வந்திறங்கின. அத்தசாப்தம் முடிவதற்குள் நிலைமை மாறியது. 1960களில் செலாவணி நெருக்கடி முற்றி, கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1970 முதல் 1977 வரையான ஆட்சியில் கட்டுப்பாடு மேலும் இறுகியது. 1977க்குப் பின் திறந்த பொருளாதாரம் வந்த பிறகே யப்பானியக் கார்கள் பெருமளவில் வரத் தொடங்கின. இங்கிலாந்தில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பழைய இரும்புக்குப் போயிருக்கக்கூடிய கார்களை இலங்கையர் முப்பது நாற்பது ஆண்டுகள் ஓட்டியதற்குப் பழமையின் மீதுள்ள காதல் காரணமன்று. வேறு கார் வாங்க வழியிருக்கவில்லை.

இக்காலத்தின் தடயங்களே புதுப்பிப்பவரை இரண்டாவதாகத் திடுக்கிட வைப்பவை. மைனருக்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது. உடலே சட்டமுமாகும். கதவுக்குக் கீழேயுள்ள பெட்டி போன்ற பகுதியும், பின் வில்லுத்தகடுகள் தொங்கும் இடங்களும் துருப்பிடித்தால், அது அழகுக் குறைவு மட்டுமன்று. கார் நடுவே தளர்ந்துபோகும். கடற்காற்று வீசும் குடாநாட்டில் துருவுக்குக் குறைவில்லை. புதுத் தகடு கிடையாத நாட்களில், கிடைத்த தகட்டை வெட்டி வைத்து ஒட்டி, மேலே புட்டி தடவி, வர்ணம் பூசினர். இன்று அந்தப் புட்டியைச் சுரண்டினால் அடியில் பீப்பாய்த் தகடோ, வேறு காரின் கதவுத் துண்டோ வெளிவரக்கூடும்.

பிறேக்கின் பிரதான சிலிண்டர் இன்னொரு சோதனை. அது சாரதியின் காலடியில், தளத்துக்குக் கீழே, உடலின் நெடுஞ்சட்டத்துக்குள் புதைந்திருக்கிறது. முன்சில்லுகளைத் தாங்கும் முறுக்குக் கம்பி அதன் ஆணிகளுக்குக் குறுக்கே செல்வதால், கழற்றுவதே ஒரு நாள் வேலை. கழற்றிய பிறகு உள்ளிருக்கும் இறப்பர் வளையங்கள் ஊதிப் பெருத்திருந்தால், யாரோ ஒருவர் பிறேக் எண்ணெய் கிடையாமல் வேறு எண்ணெயை ஊற்றியிருக்கிறார் என்று ஊகிக்கலாம். முன்சில்லின் அடியிலுள்ள ட்றனியன் என்னும் திருகுமூட்டும் அப்படியே. குறித்த மைலுக்கு ஒருமுறை கிறீஸ் ஏற்றாவிடின் அதன் புரிகள் தேய்ந்து, ஒருநாள் சில்லு மடங்கி விழும். கிறீஸ் ஏற்ற வழியில்லாத ஆண்டுகள் இருந்தன என்பதை அத்தேய்வு சொல்லும்.

மின்சாரத்திலும் ஒரு பொறி உண்டு. மைனரில் பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. யப்பானியக் கார்களில் மறைமுனை அவ்வாறு இணைக்கப்படும். யப்பானிய எஞ்சினோ மின்பிறப்பாக்கியோ பொருத்தப்பட்ட மைனர்களில் பாதி வயர்கள் ஒரு முறைக்கும் மீதி மறுமுறைக்கும் மாற்றப்பட்டிருக்கும். இதையறியாது பற்றரியைத் தொடுப்பவர், காசு கொடுத்து வாங்கிய புதிய கருவிகளை ஒரு நொடியில் எரித்துவிடுவார்.

இலக்கத் தகடு தனியாக எழுதப்படவேண்டிய விடயம். 1956 வரை இலங்கைக் கார்களுக்கு ஆங்கில எழுத்துக்களே வழங்கப்பட்டன. ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. என்பன, சிலோன் என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துக்களிலிருந்து பிறந்தவை. 1957 சனவரி முதல் சிங்கள ஸ்ரீ எழுத்து புதிய வாகனங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. தமிழரசுக் கட்சி அதனை எதிர்த்து இயக்கம் நடத்தியது. வாகன உரிமையாளர்கள் பலர் தமிழில் ஸ்ரீ எழுதிக்கொண்டு ஓட்டினர். 1957 ஜூலையில் கைச்சாத்தான பண்டாரநாயக்க - செல்வநாயகம் உடன்பாடு 1958 ஏப்பிரலில் கைவிடப்படுவதற்கு முந்திய வாரங்களில், வடக்கில் சிங்கள ஸ்ரீயும் தெற்கில் தமிழ் எழுத்துக்களும் மாறிமாறித் தார் பூசி அழிக்கப்பட்டன. மே மாதத்தில் இனக்கலவரம் வெடித்தது. அக்காலத்துக் காரொன்றின் தகட்டைச் சுரண்டும்போது ஒரு வர்ணத்தின் கீழே வேறோர் எழுத்து தென்பட்டால் அதில் வியப்பதற்கொன்றுமில்லை. அதைத் தேய்த்து அழித்துவிடுமுன் ஒரு கணம் நிற்பது நல்லது.

ஆயினும் யாழ்ப்பாணத்துக் கார்களின் ஆழமான வடு எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை இறுகியது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, இரும்புப் பொருட்கள் ஆகியவை தடைப்பட்டியலில் இருந்தன. மின்சாரம் நின்றது. இரவில் ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தனர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். மண்ணெண்ணெய் மட்டும், மட்டுப்படுத்தப்பட்ட அளவில், வந்துகொண்டிருந்தது. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் அதிலேயே ஓடின.

இது மந்திரமன்று, தோட்டக்காரர் கையில் முன்பே இருந்த அறிவு. குடாநாட்டின் கிணறுகளில் நீரிறைத்த இயந்திரங்கள் சிறிதளவு பெற்றோலில் இயங்கத் தொடங்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறுபவை. இங்கிலாந்தில் உழவு இயந்திரங்கள் பலவும் அதே முறையில் ஓடியவைதாம். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. எனவே சூப்பிப் போத்தலில் பத்திரப்படுத்திய சில துளி பெற்றோலைக் கார்புரேற்றருக்குள் பீச்சி எஞ்சினை இயக்குவர். சூடேறியதும் மண்ணெண்ணெய் பாயும். வெண்புகையும் கண்ணெரிவும் நெடியுமாக வண்டி நகரும். அக்காலத்தில் அங்கு வாழ்ந்தவர்கள் எவரும் அந்த நெடியை மறந்திருக்கமாட்டார்கள்.

பழைய பிரித்தானியக் கார்களே இதற்கு ஈடுகொடுத்தன என்பதற்கும் காரணம் உண்டு. மண்ணெண்ணெய் அழுத்தத்தைத் தாங்காது தானே வெடித்து எஞ்சினைத் தட்டவைக்கும் தன்மையுடையது. அழுத்த விகிதம் குறைந்த எஞ்சின்களில் அத்தட்டல் குறைவு. மைனரின் 918 எஞ்சினின் விகிதம் 7க்கும் குறைவானது. 803இன் விகிதம் 7.2. உயர்ந்த அழுத்தத்தில் இயங்கும் பிற்கால யப்பானியக் கார்கள் மண்ணெண்ணெயில் திணறின. 1980களில் மதிப்பிழந்து கொட்டிலில் கிடந்த ஏ40களும் மைனர்களும் திரும்பவும் வீதிக்கு வந்தது இவ்வாறே. நோயாளியையும் பிள்ளைத்தாய்ச்சியையும் காயப்பட்டவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றவை அவை.

அதற்கான விலையை எஞ்சின்கள் கொடுத்தன. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டரின் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எஞ்சின் எண்ணெயோடு கலந்தது. எண்ணெய் குறைவதற்குப் பதிலாகக் கூடியதாக அளவுகோல் காட்டும். ஆனால் அது தண்ணீர்போல் இளகியிருக்கும். தாங்கிகள் தேய்ந்தன, வால்வுகள் கருகின, சிலிண்டர் தலையில் கரி மொத்தமாகப் படிந்தது. இன்று அத்தகைய எஞ்சினைத் திறப்பவர் இவற்றோடு வேறு சிலவற்றையும் காணலாம். அழுத்தத்தைக் குறைப்பதற்காக ஒன்றுக்கு மேல் ஒன்றாக வைக்கப்பட்ட இரண்டு கஸ்கற்றுகள், எரிபொருளைச் சூடாக்குவதற்காகப் புகைக்குழாயின் அருகாகத் திருப்பிவிடப்பட்ட செப்புக் குழாய், சின்னஞ்சிறு பெற்றோல் கலமொன்று இருந்ததற்கு அடையாளமான இரு துளைகள். வெளிநாட்டு மெக்கானிக் ஒருவர் இவற்றைக் கண்டால், அறியாமையால் செய்த வேலை என்று தலையசைப்பார். தடையறிந்து, விஞ்ஞானமறிந்து செய்த வேலை அது.

இந்த வரலாற்றில் கசப்பான ஒரு பக்கமும் உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர் என்பவர், 1990களில் இலங்கையர் ஒருவருடன் கூட்டுச்சேர்ந்து, மைனரின் தகடுப் பாகங்களை இலங்கையில் கைவேலையாகச் செய்வித்து இங்கிலாந்துக்கு எடுப்பித்தார். பிரித்தானியாவில் அருகிப்போன கைத்திறன் இலங்கையில் உயிரோடிருந்தது என்பதே அதன் அடிப்படை. நாட்டுக்குப் பெருமை தரும் செய்திதான். ஆனால் தீவின் ஒரு பகுதியில் செய்யப்பட்ட மைனர் தகடுகள் கடல்கடந்து போய்க்கொண்டிருந்த அதே தசாப்தத்தில், தீவின் மற்றொரு பகுதியில் ஓடிய மைனருக்கு ஓர் இரும்புத் துண்டும் போய்ச்சேர முடியவில்லை.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் பெயர்ந்தது. ஓடக்கூடிய கார்களில் ஏறக்கூடியவர்கள் ஏறினர். மற்றவை வீடுகளில் நின்றன. திரும்பிவந்தவர்களில் சிலருக்குக் கார் இருந்தது, பலருக்கு இல்லை. 2002 ஏப்பிரலில் ஏ9 வீதி திறந்தபோது புதிய வாகனங்கள் வடக்கே வந்தன. பழைய இரும்பு தெற்கே போயிற்று. அந்த இரும்பில் எத்தனை மைனர்கள் இருந்தன என்று எவரும் எண்ணவில்லை. அதே ஆண்டில் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோலும் நிறுத்தப்பட்டது. ஈயத்தை நம்பிச் செய்யப்பட்ட பழைய வால்வு இருக்கைகள் ஈயமில்லாப் பெற்றோலில் விரைவாகத் தேயும் என்பதால், மண்ணெண்ணெயில் தப்பிப் பிழைத்த எஞ்சின்கள் நல்ல பெற்றோலால் புதிய சோதனைக்கு உள்ளாயின.

இப்பொழுது எஞ்சியுள்ளவற்றைத் தேடி எடுத்துப் புதுப்பிக்கும் ஆர்வம் வளர்ந்திருக்கிறது. கனடாவிலும் லண்டனிலும் வாழும் பிள்ளைகள், தகப்பனாரின் கார் என்று ஊரிலுள்ள கராஜ்களுக்குக் காசு அனுப்புகிறார்கள். பாராட்டவேண்டிய முயற்சி. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் கேட்பது, 1955இல் தொழிற்சாலையிலிருந்து வந்தது போன்ற கார். அவ்வாறு செய்யும்போது பீப்பாய்த் தகடும் இரட்டைக் கஸ்கற்றும் செப்புக் குழாயும் குப்பைக்குப் போகின்றன. எஞ்சுவது இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கில் உள்ள மைனர்களைப்போன்ற இன்னொரு மைனர். தகப்பனார் ஓட்டிய கார் அதுவன்று.

பழைய வாகனங்களுக்கான சர்வதேச சம்மேளனம் 2012இல் ஏற்றுக்கொண்ட தூரின் சாசனம் இதுபற்றிச் சிந்தித்திருக்கிறது. பழம்பெருங் கட்டடங்களுக்கான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனத்தைப் பின்பற்றி எழுந்தது அது. வாகனம் பாவனையிலிருந்த காலத்து மாற்றங்களும் அதன் வரலாற்றின் பகுதியே என்றும், செய்யும் வேலைகள் பதிவுசெய்யப்பட வேண்டும் என்றும் அது கருதுகிறது. கோவிலைப் புதுப்பிக்கும்போது கல்வெட்டின் மேல் சீமெந்து பூசக்கூடாது என்று நாம் சொல்வதும் இதையேதான்.

அதற்காக வீதியில் ஓடும் காரில் ஊதிப்போன பிறேக் இறப்பரையும் தேய்ந்த ட்றனியனையும் வைத்திருக்கச் சொல்ல முடியாது. உயிருக்கு ஆபத்தானவற்றை மாற்றத்தான் வேண்டும். பழைய பிறேக் உறைகளில் அஸ்பெஸ்டஸ் இருக்கும். அதன் தூசியை ஊதித் துடைப்பதும் ஆபத்து. ஆனால் கழற்றுமுன் படமெடுக்கலாம். கழற்றிய பாகத்தில் சீட்டொன்றைக் கட்டி ஒரு பெட்டியில் வைக்கலாம். அந்த வேலையைச் செய்த மெக்கானிக் உயிரோடிருந்தால் அவரிடம் போய், ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம். அவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. எந்த நூலகத்திலும் அவர்களின் செய்முறைகள் எழுதி வைக்கப்படவில்லை.

பத்திரிகைத் தொழிலிலிருந்து ஓர் உதாரணம் கூறலாம். தடைக்காலத்தில் யாழ்ப்பாணப் பத்திரிகைகள் அச்சுத்தாள் இல்லாமல், கோடு போட்ட அப்பியாசக் கொப்பித் தாளிலும் நிறத்தாளிலும் அச்சாகின. அவ்விதழ்களை இன்று பாதுகாப்பவர்கள், தாள் அழகாயில்லை என்று அவற்றை வெள்ளைத்தாளில் மறுபடி அச்சடித்துவிட்டு மூலத்தை எறிவதில்லை. செய்தி எவ்வளவு முக்கியமோ அவ்வளவுக்கு அந்தக் கோடு போட்ட தாளும் முக்கியம் என்பதை அவர்கள் அறிவார்கள். கராஜில் நிற்கும் காருக்கும் அந்த மதிப்பைக் கொடுக்க நமக்கு இன்னும் சில ஆண்டுகளே உள்ளன.